ஸ்டீயரிங்குக்கு அடியில ஒரு லிவர்: அது யாருக்காக வந்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ரொம்பச் சின்ன ஒரு பொருளோட வரலாற்றை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். அடுத்த தடவை கார்ல டிரைவர் சீட்ல உட்காரும்போது ஸ்டீயரிங்குக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பாருங்க. பெரும்பாலும் ஒரு லிவர் தட்டுப்படும். அதைத் தள்ளினா ஸ்டீயரிங் தளர்ந்துடும். மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். இதுக்கு டில்ட்னு பேர். சில கார்ல நம்ம பக்கம் இழுக்கலாம், உள்ளே தள்ளலாம். இதுக்கு டெலிஸ்கோபிக்னு பேர். சரியான இடம் வந்ததும் லிவரை மறுபடி பூட்டிட்டு வண்டியை எடுக்கலாம்.

வேலை பத்து செகண்டுதான். ஆனா இப்படி ஒரு லிவர் இருக்குன்னு தெரியாமலே வருஷக்கணக்கா கார் ஓட்டுறவங்க நம்மள்ல நிறைய பேர். நான் டிரைவிங் கத்துக்கிட்ட இடத்துலயும் யாரும் இதைக் காட்டித் தரலை. என் உயரம் அஞ்சடி ஒண்ணு. "சீட்டை முன்னாடி இழுத்துக்கோங்கம்மா, கிளட்ச் முழுசா அமுங்கணும்"னு சொன்னாங்க. அதோட பாடம் முடிஞ்சது. ஸ்டீயரிங் என் நெஞ்சுக்கு எவ்வளவு பக்கத்துல வந்து நிக்குதுன்னு யாரும் பார்க்கலை.

ஒரு காரை வடிவமைக்கிறவங்க மனசுல ஒரு உடம்பு இருக்கும். அந்த உடம்பு மாதிரி இல்லாதவங்க என்ன பண்றது? ஸ்டீயரிங்கோட வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான். சில பதில்கள் சௌகரியத்துக்காக வந்தது, சிலது பகட்டுக்காக. சிலது உயிர் போன பிறகுதான் வந்தது.

மாட்டு வாலைப் பிடிச்சு 1,178 கிலோமீட்டர்

முதல் கார்கள்ல ஸ்டீயரிங் வட்டமா இல்லை. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கின மூணு சக்கர வண்டியில ஒரு சின்னக் கைப்பிடிதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த பல வண்டிகள்ல டில்லர். படகுல சுக்கானைத் திருப்பப் பிடிக்கிற கட்டை இருக்கே, அதே மாதிரி ஒரு நீளக் கம்பி. பிரெஞ்சுக்காரங்க அதுக்கு வச்ச செல்லப் பேரு "மாட்டு வால்".

இந்த மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு 1895-ல் எமில் லெவாஸோர்னு ஒருத்தர் பாரிஸ்ல இருந்து போர்தோ போய், திரும்பப் பாரிஸ் வந்தார். 1,178 கிலோமீட்டர், 48 மணி 48 நிமிஷம், கிட்டத்தட்ட முழுசும் அவர் ஒருத்தரே ஓட்டினார். ரோடு சரியில்லை. வண்டிச் சக்கரம் ஒரு கல்லுல ஏறினா அந்த அதிர்ச்சி நேரா கம்பி வழியா மணிக்கட்டுக்கு வந்துடும். ரெண்டு நாள் அப்படிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

அடுத்த வருஷம், 1896-ல், பாரிஸ்–மார்சேய்–பாரிஸ் பந்தயத்துல ஒரு நாய் குறுக்கே வந்துச்சு. அதை மோதாம இருக்க வண்டியைத் திருப்பினார். வண்டி கவிழ்ந்து அவர் தூக்கி எறியப்பட்டார். அதுல இருந்து அவர் முழுசா மீளவே இல்லை. 1897 ஏப்ரல்ல இறந்துபோனார்.

டில்லர்ல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. கொஞ்சம் அசைச்சாலே சக்கரம் நிறையத் திரும்பிடும். மெதுவா போற வண்டிக்கு அது பரவாயில்லை. வேகம் கூடக் கூட ஆபத்து. வட்டமான ஸ்டீயரிங்கோட அனுகூலம் இங்கேதான். ரெண்டு கையாலயும் பிடிக்கலாம், பல சுத்து சுத்தலாம். நடுவுல பல்சக்கரம் வச்சா கை நிறைய நகரும், சக்கரம் கொஞ்சமா திரும்பும். ரோட்டோட உதறலும் கைக்குக் குறைவாத்தான் வரும்.

வட்டம் அதுக்கு முன்னாடியே எட்டிப் பார்த்திருந்துச்சு. 1894-ல் நடந்த பாரிஸ்–ரூவான் போட்டிக்கு ஆல்ஃப்ரெட் வாஷெரோன் என்பவர் தன் பனார் காருக்கு வட்ட ஸ்டீயரிங் மாட்டிக்கிட்டு வந்தார். ஆனா நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1898. லெவாஸோர் இறந்த பிறகு பனார் எ லெவாஸோர் கம்பெனியோட பொறுப்புக்கு வந்தவர் ஆர்தர் கிரெப்ஸ். பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் பந்தயத்துக்காக அவர் வடிவமைச்ச கார்ல டில்லரை எடுத்துட்டு, சாய்வான ஸ்டீயரிங்கை வச்சார்.

அந்தச் "சாய்வான" என்ற வார்த்தையைக் கவனிங்க. செங்குத்தா ஒரு தண்டு நட்டு, அது மேல தட்டு மாதிரி வட்டத்தைப் படுக்க வச்சா என்ன ஆகும்? பழைய பஸ்ல டிரைவர் அண்ணன் எப்படி முன்னாடி குனிஞ்சு, முழு உடம்பையும் போட்டுத் திருப்புவார்? அப்படித்தான் ஓட்டணும். தண்டைச் சாய்ச்சா வட்டம் ஓட்டுறவரோட முகத்தைப் பார்த்துத் திரும்பும். முதுகைச் சீட்டுல சாய்ச்சுக்கிட்டே ஓட்டலாம். மனுஷ உடம்புக்கு ஏத்த மாதிரி ஸ்டீயரிங்கை நகர்த்தினதுல இது ஆரம்ப கால நகர்வு. ஆனா ஒரு கோணத்தை முடிவு பண்ணி, அப்படியே இறுக்கிட்டாங்க. அந்தக் கோணத்துக்கு உங்க உடம்பு பொருந்தினா உங்க அதிர்ஷ்டம்.

குண்டா இருக்கிறவங்களுக்கு ஒரு ஸ்டீயரிங்

அடுத்து அமெரிக்கா. 1908-ல் ஃபோர்டு மாடல் டி வந்துச்சு. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி கார் செஞ்சாங்க. அதுவரைக்கும் கார் பணக்காரங்க பொம்மை. மாடல் டி விவசாயி, டாக்டர், கடைக்காரர்னு எல்லார் வீட்டு வாசலுக்கும் போச்சு. எல்லா விதமான உடம்பும் ஒரே மாதிரிச் சீட்டுல வந்து உட்கார்ந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்காவுல வித்த மாடல் டி டூரிங் கார்ல பல வருஷம் டிரைவர் பக்கத்துக் கதவு நிஜக் கதவே இல்லை. தகரத்துல கதவு மாதிரி வரி மட்டும் போட்டிருப்பாங்க, திறக்காது. டிரைவர் அந்தப் பக்கமா ஏறி, சீட்டுல நகர்ந்து நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி வரணும். கொஞ்சம் தொப்பை இருந்தா? ஸ்டீயரிங் வயித்துல இடிக்கும்.

அதனால வெளிக்கடைகள்ல ஒரு உபரி சாமான் விற்பனைக்கு வந்துச்சு. அதோட பேரே "ஃபேட் மேன் வீல்". இன்னைக்கு அப்படி ஒரு பேர் வச்சா சோஷியல் மீடியாவுல கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. அது என்ன பண்ணும்னா, பூட்டை எடுத்துவிட்டா ஸ்டீயரிங் வட்டம் கீல் வச்ச மூடி மாதிரி மடங்கும். ஏறி உட்கார்ந்துட்டு மறுபடி நேராக்கிப் பூட்டிக்கலாம்.

எனக்கு இந்தச் சாமான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதுல ஒரு நேர்மை இருக்கு. கார் கம்பெனி "இதுதான் அளவு"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. "எங்க உடம்பு அந்த அளவுல இல்லையே"ன்னு வாங்கினவங்க நினைச்சாங்க. அந்த இடைவெளியில யாரோ ஒரு சின்ன வியாபாரி கீல் போட்டு வித்துட்டார். நம்ம ஊர்ல சீட்டுக்கு முதுகுப் பக்கம் தலையணை வைக்கிறதும், உயரம் பத்தலைன்னு குஷன் போட்டு உட்காருறதும் இதே வகையறாதான்.

கை நீட்டி ஓட்டுற ஸ்டைல்

1930, 40-கள் வரைக்கும் பெரும்பாலான ஸ்டீயரிங் பெரிய வட்டம். காரணம் எளிமையானது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. வட்டம் பெரிசா இருந்தாத்தான் நெம்புகோல் மாதிரி பலம் கிடைக்கும். டிரைவர்கள் ஸ்டீயரிங்குக்கு ரொம்பப் பக்கத்துல, முழங்கையை மடக்கி உட்காருவாங்க. தோள் பலம் முழுசும் தேவைப்பட்டுச்சு.

இதை மாத்திக் காட்டின ஆள் இத்தாலிப் பந்தய வீரர் நினோ ஃபரினா. 1950-ல் முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். அவர் பின்னாடி சாய்ஞ்சு, கையை நல்லா நீட்டி, அலட்டிக்காம ஓட்டுவார். பார்க்கவே ஸ்டைலா இருக்கும். ஸ்டிர்லிங் மாஸ் மாதிரி இளம் வீரர்கள் அதைப் பார்த்துக் காப்பியடிச்சாங்க. அப்புறம் சாதாரண ரோட்டுலயும் கையை நீட்டி ஓட்டுறது ஃபேஷன் ஆச்சு.

அதே சமயத்துல இங்கிலாந்தோட ஜாகுவார் எக்ஸ்கே120 கார்ல ஸ்டீயரிங்கை முன்னே பின்னே நகர்த்துற வசதி இருந்துச்சு. அமெரிக்காவுல 1955-ல் வந்த ஃபோர்டு தண்டர்பேர்டுலயும் இழுத்துக்கலாம், தள்ளிக்கலாம். 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் கார்ல பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்த பிறகு, பலம் போட்டுத் திருப்பணுங்கிற கட்டாயமும் குறைய ஆரம்பிச்சது. உடம்பை ஸ்டீயரிங்குக்கு ஏத்த மாதிரி வளைக்காம, ஸ்டீயரிங்கை உடம்புக்கு ஏத்த மாதிரி நகர்த்தலாங்கிற யோசனைக்கு இடம் கிடைச்சது.

1961 தண்டர்பேர்டுல இன்னொரு படி மேலே போனாங்க. கியரை பார்க்ல போட்டதும் முழு ஸ்டீயரிங்கையும் பக்கவாட்டுல ஒதுக்கி வச்சுட்டு இறங்கலாம். ஃபேட் மேன் வீல் செஞ்ச அதே வேலை. ஆனா இப்போ அதை விளம்பரம் பண்ணினது சொகுசுன்னு. ஒரே தேவைக்கு ஏழை வீட்டுல கேலிப் பேர், பணக்கார வீட்டுல பகட்டுப் பேர்.

1963-ல் ஜெனரல் மோட்டார்ஸோட சாகினா பிரிவு, இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச டில்ட் ஸ்டீயரிங்கைக் கொண்டு வந்துச்சு. வட்டத்துக்குச் சற்று கீழே தண்டுல ஒரு மூட்டு. லிவரை இழுத்தா பூட்டு விடும், வட்டம் மேலே கீழே சாயும், விட்டா அந்த இடத்துல பூட்டிக்கும். 1965-ல் காடிலாக் காருக்கு டில்ட்டும் டெலிஸ்கோபிக்கும் சேர்ந்தே வந்துச்சு. இதெல்லாமே கூடுதல் காசு கொடுத்தாத்தான். உடம்புக்குப் பொருந்துறது ஒரு ஆப்ஷனா விக்கப்பட்டது. இந்தப் பழக்கம் இன்னும் போகலை. அந்தக் கதைக்குக் கடைசியில வரேன்.

நெஞ்சுக்கு நேரா ஒரு ஈட்டி

இதுவரைக்கும் பேசினதெல்லாம் சௌகரியம். இனிமே பேசப்போறது உயிர்.

அந்தக் காலக் காரை மனசுல வச்சுக்கோங்க. முன் சக்கரத்துக்குப் பக்கத்துல ஸ்டீயரிங் பெட்டி. அங்கிருந்து டிரைவர் நெஞ்சு வரைக்கும் ஒரே நீளமான, வளையாத இரும்புத் தண்டு. அந்தத் தண்டோட ஒரு முனை காரோட மூக்குல, இன்னொரு முனை உங்க நெஞ்செலும்புக்கு நேரா. எதிர்ல எதுலயாவது மோதினா காரோட மூக்கு உள்ளே நசுங்கும். தண்டு எங்கே போகும்? பின்னாடி, உங்களை நோக்கி. அதே நேரத்துல சீட் பெல்ட் இல்லாத உங்க உடம்பு முன்னாடி பறக்கும். நடுவுல சந்திப்பு.

இதைப் பொதுமக்கள் பேசுற விஷயமா ஆக்கினதுல பெரிய பங்கு ரால்ஃப் நேடருக்கு உண்டு. 1965-ல் அவர் எழுதின 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம், விபத்துக்கு டிரைவரை மட்டும் குறை சொல்றதை நிறுத்திட்டு, காரோட வடிவமைப்பைக் கேள்வி கேட்டுச்சு. அதுல ஸ்டீயரிங் தண்டும் ஒரு குற்றவாளி. 1966 செப்டம்பர்ல அமெரிக்காவுல வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 1967 மாடல்கள்ல ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி கம்பெனிகள் நசுங்குற தண்டைக் கொண்டு வந்தாங்க. மோதினா தண்டு ஈட்டி மாதிரி குத்தாது. காகித விளக்குக் கூண்டை அமுக்கினா மடங்குமே, அப்படித் தன்னைத்தானே மடக்கி அடியை வாங்கிக்கும்.

1968 ஜனவரி 1 முதல் அது சட்டமாவே ஆச்சு. மணிக்கு 30 மைல் வேகத்துல சுவர்ல மோதினாலும் ஸ்டீயரிங் தண்டு டிரைவர் பக்கம் 5 அங்குலத்துக்கு மேல வரக்கூடாது. அதாவது சுமார் 127 மில்லிமீட்டர். சௌகரியத்துக்காக ஒருத்தர் தண்டை நகரவைக்கப் பார்த்தார். உயிருக்காக இன்னொருத்தர் அதை மடங்க வைக்கப் பார்த்தார். ரெண்டு வேலையும் ஒரே தண்டுல வந்து சேர்ந்துச்சு.

இங்கே சென்னைக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கு. 1959-ல் இங்கிலாந்துல வந்த டிரயம்ப் ஹெரால்டு கார்ல டெலிஸ்கோபிக் ஸ்டீயரிங் தண்டு உண்டு. சின்ன, சாதாரணக் குடும்பக் கார்ல அப்படி ஒண்ணு அந்தக் காலத்துல அபூர்வம். அந்தக் காரைத்தான் 1961-ல் இருந்து சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுங்கிற பேர்ல தயாரிச்சாங்க. உங்க தாத்தா காலத்து ஆல்பத்துல அந்தக் கார் முன்னாடி நின்னு எடுத்த ஃபோட்டோ இருந்தாலும் இருக்கும்.

ஏர்பேக் கேட்ட 25 சென்டிமீட்டர்

அப்புறம் ஏர்பேக் வந்துச்சு. ஸ்டீயரிங்கோட நடுவுல இருந்த ஹாரன் மூடிக்குப் பின்னாடி ஒரு மடிச்ச பை. மோதின உடனே, கண் சிமிட்டுறதுக்குள்ள, மணிக்கு 300 கிலோமீட்டர் வரைக்குமான வேகத்துல விரியும். அமெரிக்காவுல 1998 மாடல் வருஷத்துல இருந்து எல்லாப் பயணிகள் கார்லயும் முன்பக்க ஏர்பேக் கட்டாயம்.

ஆனா அதுக்கு முன்னாடியே 1990-கள்ல ஒரு கசப்பான விஷயம் வெளியே வந்துச்சு. பெரிய விபத்துகூட இல்லாத இடங்கள்ல, ஏர்பேக்கே சிலரைக் கொன்னது. முன் சீட்டுல இருந்த குழந்தைங்க. அப்புறம் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்த டிரைவர்கள். அவங்கள்ல பலர் பெல்ட் போடாதவங்க, பலர் குட்டையான பெண்கள்.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. ஏர்பேக் விரியுற முதல் ரெண்டு மூணு அங்குலத்துலதான் அதோட முழு வேகமும் இருக்கு. அந்த இடத்துல நெஞ்சோ கழுத்தோ இருந்தா அது மெத்தை இல்லை, குத்து. கொஞ்சம் தள்ளி இருந்தா பை முழுசா விரிஞ்ச பிறகு நீங்க அதுல போய் விழுவீங்க. அதுதான் அதோட வேலை. அதனால அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எண்ணைச் சொன்னது: ஏர்பேக் மூடியோட நடுவுல இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேணும்.

குட்டையானவங்களுக்கு என்ன சிக்கல்? பெடல் எட்டணும்னா சீட்டை முன்னாடி இழுத்தாகணும். இழுத்தா ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வந்துடும். அந்த இடைவெளியை எப்படியும் கொண்டுவர முடியாதவங்க ஏர்பேக்கை அணைக்க ஒரு சுவிட்ச் வச்சுக்கலாம்னு 1997 நவம்பர்ல விதியே கொண்டுவர வேண்டியதாச்சு. உயிரைக் காப்பாத்துறதுக்காக வச்ச பொருளை, உங்க உடம்புக்கு ஆபத்துன்னு அணைச்சு வைக்க அனுமதி! அதே காலகட்டத்துல பெடலையே டிரைவர் பக்கம் நகர்த்துற வசதியும் சில அமெரிக்கக் கார்கள்ல வந்துச்சு.

அந்த நாள்ல இருந்து அந்த லிவரோட அர்த்தம் மாறிடுச்சு. ஸ்டீயரிங்கைச் சரி பண்றதுன்னா துப்பாக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோங்கிற மாதிரி. முகத்தைப் பார்க்குதா, நெஞ்சைப் பார்க்குதா, எவ்வளவு தூரத்துல இருக்கு? கடிகாரத்துல 10-ம் 2-ம் இருக்கிற இடத்துல கை வைக்கச் சொன்ன பழைய பாடமும் மாறி, 9-ம் 3-ம்னு ஆச்சு. ஏர்பேக் விரியும்போது கையைத் தூக்கி முகத்துல அடிக்கக் கூடாதுங்கிறதும் அதுக்கு ஒரு காரணம்.

"அளவு"ன்னு யாரை வச்சுக்கிட்டாங்க?

ஆரம்பத்துல சொன்ன கேள்விக்கு வருவோம். வடிவமைக்கிறவங்க மனசுல இருந்த அந்த உடம்பு யாரோடது?

1955-ல் ஹென்றி டிரைஃபஸ்ங்கிற அமெரிக்க வடிவமைப்பாளர் 'டிசைனிங் ஃபார் பீப்பிள்'னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஜோ, ஜோசபின்னு ரெண்டு வரைபட மனுஷங்க. ஒவ்வொரு மூட்டுக்கும் அளவு. டெலிஃபோன்ல இருந்து டிராக்டர் வரைக்கும் இவங்களுக்குப் பொருந்தணும்னு அவர் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனா அந்த அளவுகள் எடுக்கப்பட்டது அமெரிக்க உடம்புகள்ல.

1976-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைப்ரிட் 3ங்கிற மோதல் சோதனைப் பொம்மையை உருவாக்கினாங்க. சராசரி ஆண்: சுமார் 175 சென்டிமீட்டர், 78 கிலோ. உலகம் முழுக்கக் கார்களை மோதிப் பார்த்தது பெரும்பாலும் இவரை உட்கார வச்சுத்தான். "சின்னப் பெண்"ணுக்கும் ஒரு பொம்மை உண்டு. அது சுமார் 150 சென்டிமீட்டர், 50 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அமெரிக்கப் பெண்கள்ல 100 பேரை உயர வரிசையில நிறுத்தினா குட்டையான அஞ்சு பேர் இருக்கிற எல்லைக்கோடு அது.

இப்போ நம்ம எண்ணைப் போடுறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி இந்தியப் பெண்ணோட சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர்.

இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. அங்கே ஓரத்துல, எல்லையில நிக்கிறதா வச்ச உருவம்தான் இங்கே நடுவுல நிக்குது. அங்கே விதிவிலக்கு, இங்கே அம்மா, அக்கா, நான்.

2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க விபத்துத் தரவுகளை ஆராய்ந்தாங்க. ஒரே மாதிரி விபத்துல, பெல்ட் போட்ட பெண் டிரைவருக்குப் பலத்த காயம் ஏற்படுற வாய்ப்பு, பெல்ட் போட்ட ஆண் டிரைவரைவிட 47 சதவீதம் அதிகம்னு கண்டாங்க. 2022-ல்தான் ஸ்வீடன்ல ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு சராசரிப் பெண் அளவுல ஒரு மோதல் பொம்மையைக் காட்டினாங்க: 162 சென்டிமீட்டர், 62 கிலோ. நம்ம சராசரிக்கு அது இன்னும் பத்து சென்டிமீட்டர் உயரம்.

டாப் வேரியன்ட்ல மட்டும்

நம்ம ரோட்டுல ரொம்ப நாள் ராஜாவா இருந்தது அம்பாசிடர். இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வந்தது. பெரிய, மெல்லிய ஸ்டீயரிங் வட்டம், அது பக்கத்துலயே கியர் கம்பி, சோபா மாதிரி நீளச் சீட். ஸ்டீயரிங்கை நகர்த்துற பேச்சே இல்லை. டிரைவர்தான் நகரணும். துண்டை மடிச்சு முதுகுக்கு வைப்பாங்க, குஷனைப் போட்டு உயருவாங்க. 2014-ல் அதோட தயாரிப்பு நின்னுச்சு.

அதே 2014 ஜனவரியில குளோபல் என்கேப், இந்தியாவுல வித்த அஞ்சு பிரபலக் கார்களோட அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்துப் பூஜ்ஜிய நட்சத்திரம் கொடுத்துச்சு. அந்த அடிப்படை மாடல்கள்ல ஏர்பேக்கே இல்லை. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்கள்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயமாச்சு. நல்லது. ஆனா ஏர்பேக் கட்டாயமானா, 25 சென்டிமீட்டரும் கட்டாயமாகணும் இல்லையா?

ஷோரூம்ல கொடுக்கிற வேரியன்ட் பட்டியலைப் பாருங்க. விலை குறைஞ்ச வேரியன்ட்ல சில சமயம் டில்ட்கூட இருக்காது. நடு வேரியன்ட்ல டில்ட் வரும். டெலிஸ்கோபிக்குன்னா பெரும்பாலும் விலை கூடின கார், இல்லைன்னா டாப் வேரியன்ட். அங்கே சன்ரூஃபுக்குப் பக்கத்துல ஒரு வரியா இருக்கும். டில்ட் கோணத்தை மாத்தும், தூரத்தை மாத்தாது. குட்டையானவங்களுக்கு வேண்டியது தூரம். பெடலுக்காகச் சீட்டை முன்னாடி இழுத்த பிறகு, ஸ்டீயரிங்கை உள்ளே தள்ள முடியணும். அதாவது நம்ம ஊர் சராசரி உடம்புக்கு ரொம்ப அவசியமான வசதிதான் சொகுசுப் பட்டியல்ல உட்கார்ந்திருக்கு.

இதைப் பெண்கள் பிரச்சினைன்னு மட்டும் ஒதுக்காதீங்க. அஞ்சே கால் அடி ஆண்கள் இங்கே நிறைய. கால் நீளமா, கை சின்னதா இருக்கிறவங்களுக்கு எதிர்ச்சிக்கல்: கால் வசதியா நீட்டினா ஸ்டீயரிங் எட்டாது. அவங்களும் டெலிஸ்கோபிக்தான் கேட்கணும்.

சரி, நாளைக்கு வண்டியில என்ன பண்றது?

இவ்வளவு கேட்டுட்டீங்க, கையோட எடுத்துட்டுப் போக ஒரு செய்முறை. வண்டி நின்னிருக்கும்போது மட்டும் பண்ணுங்க. ஓடும்போது அந்த லிவரைத் தொடவே கூடாது.

முதல்ல சீட், அப்புறம்தான் ஸ்டீயரிங். இடுப்பைச் சீட்டோட பின்கோடி வரைக்கும் தள்ளி உட்காருங்க. கிளட்சை முழுசா அமுக்கினாலும், ஆட்டோமேட்டிக்னா பிரேக்கை அழுத்தினாலும், முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும். சீட் உயரம் மாத்த முடிஞ்சா ரோடு நல்லா தெரியுற அளவுக்கு ஏத்துங்க.

அடுத்து முதுகுப் பகுதி. தோள் ரெண்டும் சீட்டுல பட்டபடியே கையை நேரா நீட்டி ஸ்டீயரிங்கோட உச்சியில வைங்க. மணிக்கட்டு அங்கே படணும். விரல் நுனிதான் படுதுன்னா தூரம். முன்கை படுதுன்னா ரொம்பக் கிட்ட.

இப்போ லிவரை விடுங்க. மீட்டர் முழுசா தெரியணும், தொடை இடிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கோட நடு மூடி உங்க நெஞ்சைப் பார்க்கணும். முகத்தையோ கழுத்தையோ பார்க்கக் கூடாது. டெலிஸ்கோபிக் இருந்தா தூரத்தையும் சரி பண்ணுங்க.

கடைசியா அளவு. ஒரு ஏ4 தாளை எடுங்க. அதோட நீளப் பக்கம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையில அது நீளவாக்குல நிக்குதுன்னா நிம்மதியா இருங்க. நிக்கலைன்னா ஸ்கேல் வச்சு 25 இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முதுகுப் பகுதியைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, சீட்டை ஒரு பல் பின்னாடி விட்டு மறுபடி பாருங்க. கிளட்ச் எட்டணும், அது முக்கியம். லிவரைப் பூட்டி, ஸ்டீயரிங்கை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டுக் கிளம்புங்க. பெல்ட் போடாம இதெல்லாம் வீண்.

வீட்டுல ஒரே காரை ரெண்டு மூணு பேர் ஓட்டினா, ஒவ்வொரு தடவையும் இதைப் பண்ணுங்க. அண்ணன் வச்ச இடத்துல தங்கச்சி ஓட்டக் கூடாது.

2013-ல் இன்பினிட்டி கியூ50 காரோட, ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கம்பி வழியா மின் சமிக்ஞை போற முறை சந்தைக்கு வந்துச்சு. அந்த முறை பரவினா ஒரு நாள் அந்த இரும்புத் தண்டே தேவைப்படாம போகலாம். ஸ்டீயரிங்கை எங்கே வேணும்னாலும் வைக்கலாம். அப்பவும் கேள்வி இதேதான்: யாரோட உடம்பை அளந்து, எங்கே வைக்கப்போறாங்க?

அடுத்த தடவை கார் வாங்கப் போகும்போது, மைலேஜ், டச் ஸ்க்ரீன் சைஸ் எல்லாம் கேளுங்க. கூடவே, வீட்டுல யார் ரொம்பக் குட்டையோ அவங்களை டிரைவர் சீட்டுல உட்கார வச்சு, "இதுல டெலிஸ்கோபிக் எந்த வேரியன்ட்ல இருந்து வருது?"ன்னு கேளுங்க. நிறைய பேர் கேட்டா அந்த வரி பட்டியல்ல கீழே இறங்கி வரும். டில்ட் அப்படித்தான் காடிலாக்ல இருந்து நம்ம ஹேட்ச்பேக் வரைக்கும் வந்துச்சு.

இந்த எபிசோடைக் கேட்டு உங்க சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மாத்தினா, என்ன வித்தியாசம் தெரிஞ்சதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.